மே மாதத்தில் மாம்பூ ஏது?

சுவரில் ஒரு தட்டு விழுந்தால் ஒரு தப்பு. இரண்டு விழுந்தால் இரண்டு. ஓசூர் மூக்கண்டப்பள்ளியில் நாங்கள் குடியிருந்த ஆறு வருஷமும், அடுப்படியில் நின்று நான் பாடிய பாட்டுக்கெல்லாம் பக்கத்து வீட்டு அண்ணன் இப்படித்தான் மார்க் போட்டார். வரிசையாக எட்டு வீடு, மேலே சிமென்ட் ஷீட், வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவே ஒற்றைக் கல் சுவர். இந்தப் பக்கம் மிளகாய் தாளித்தால் அந்தப் பக்கம் தும்மல் கேட்கும். நான் ரேடியோவோடு சேர்ந்து பாடுவதை அவர் கேட்காமல் இருக்க வழியில்லை. கேட்டுவிட்டுச் சும்மா இருக்கவும் அவரால் முடியாது.

எனக்குக் கோபம் மூக்கின் மேல் இருக்கும். முதல் தடவை தட்டு விழுந்தபோது, சத்தம் அதிகம் என்கிறார் போலிருக்கிறது என்று ரேடியோவைக் குறைத்தேன். மறுபடி பாடினேன். மறுபடி தட்டு. கரண்டியும் கையுமாகப் போய் அவர் வாசலில் நின்றேன்.

“இன்னாண்ணா, எங்க வீட்டுல நான் பாடக்கூடாதா?”

“பாடும்மா, நல்லாப் பாடு. ரெண்டாவது வரில ஒரு எழுத்த முழுங்கிட்ட. அதான் தட்டுனேன்.”

முகத்தில் கேலி இருந்தால் நாலு வார்த்தை கேட்டிருப்பேன். இல்லை. அடுப்பில் பால் பொங்குது பார் என்று சொல்கிறவரின் முகம் அது. நான் திரும்பி வந்து, எந்த எழுத்து என்று யோசித்து, அதைச் சேர்த்துப் பாடிப் பார்த்தேன். தட்டு விழவில்லை. எனக்கு அதுவும் எரிச்சலாகத்தான் இருந்தது.

அவருக்குக் கம்பெனியில் குவாலிட்டி வேலை. வெளியிலிருந்து வருகிற உதிரி பாகங்களை அளந்து பார்த்து ஸ்டிக்கர் ஒட்டுவார். சரியாக இருந்தால் பச்சை, சரியில்லை என்றால் சிவப்பு. ரெண்டுங்கெட்டானாக இருந்தால் மஞ்சள். மஞ்சளுக்கு ஹோல்ட் என்று பேர். இருபது வருஷமாக இதே வேலை. ஞாயிற்றுக்கிழமை லுங்கி கட்டிக்கொண்டு பால் வாங்கப் போனால்கூட சட்டைப் பையில் அளவுக் கருவி வெர்னியர் இருக்கும். ஒருநாள் தோசை கொடுத்தனுப்பினேன். தட்டைத் திருப்பித் தரும்போது, “நடுவுல கனம், ஓரத்துல மெலிசு. உன் அடுப்புக்கு ஒரு கால் கொறச்சல் இருக்கும், பாரு” என்றார். வாங்கித் தின்ற வாய் பேசுகிற பேச்சா இது என்று முணுமுணுத்துக்கொண்டே உள்ளே போய்க் குனிந்து பார்த்தேன். ஒரு கால் தேய்ந்துதான் இருந்தது. அவரிடம் பெரிய தொல்லையே இதுதான். எப்போதும் அவர் சொல்வது சரியாக இருக்கும்.

என் வீட்டுக்காரருக்கும் எனக்கும் வேறு வேறு கம்பெனி. அவர் காலை ஷிஃப்ட் என்றால் எனக்கு மதிய ஷிஃப்ட். வாரத்தில் ஒருநாள்தான் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சாப்பிடுவோம். மற்ற நாளெல்லாம் அவர் சாப்பிட்டுக் கழுவி வைத்த தட்டுதான் எனக்குத் துணை. அந்தத் தனிமையில்தான் பாடிப் பாடிச் சமைத்தேன். ஒருநாள் சமைத்துக்கொண்டிருக்கும்போது சுவரில் ஒன்று இரண்டு இல்லை, தொடர்ந்து தட்டல். நான் பாடவே இல்லை. கதவைத் திறந்தால் அவரே வாசலில் நிற்கிறார்.

“கேஸ அமத்தும்மா. வாசன வருது.”

டியூபில் மயிரிழை அளவுக்கு ஒரு வெடிப்பு. நான் மூன்று மாதமாகப் பார்த்துப் புழங்குகிற டியூப், என் கண்ணுக்குத் தெரியவில்லை. அவரே கடைக்குப் போய்ப் புதிது வாங்கி வந்து மாட்டி, சோப்புத் தண்ணீர் தடவிப் பார்த்துவிட்டுப் போனார். அன்றிலிருந்து அவர் தட்டுவது எனக்குக் கொஞ்சம் பழகிவிட்டது. பாசம் காட்ட அவருக்குத் தெரிந்த வழி தப்புக் கண்டுபிடிப்பது ஒன்றுதான் என்று புரிந்துகொண்டேன்.

தனி ஆள். ஒரு தட்டு, ஒரு டம்ளர், ஒரு பாய். கல்யாணம் ஆனவர் என்பது தெரியும். எங்கே அந்த அம்மா என்று வரிசையில் யாரும் அவரிடம் கேட்டதில்லை. எங்களுக்குள் கேட்டுக்கொண்டோம். யாருக்கும் பதில் தெரியவில்லை.

மற்ற மாதங்களில் தட்டோடு நிறுத்திக்கொள்வார். சித்திரை பிறந்துவிட்டால் போச்சு. ஊரெல்லாம் வெயிலில் காய்கிற அந்த நாட்களில் ஓசூரில் சாயங்காலம் ஒரு காற்று வரும். கம்பெனி காம்பவுண்டுகளில் மே ஃப்ளவர் மரம் சிவந்து நிற்கும். ரேடியோவிலும் வசந்தம் வந்தது, குயில் கூவியது என்று பழைய பாட்டாகப் போடுவார்கள். எங்கள் அண்ணன் அப்போது ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்துவிடுவார். கட்டம் போட்ட நோட்டு. பாட்டு, தப்பு, எந்த இடம், முடிவு என்று நாலு கட்டம். வசந்தப் பாட்டு மட்டும்தான். காதல் பாட்டு, சோகப் பாட்டு, சாமி பாட்டு எதையும் சீண்ட மாட்டார்.

“வசந்தப் பாட்ட வசந்தத்துலதான் செக் பண்ண முடியும். சீசன் போயிட்டா எத வெச்சு ஒப்பிடறது?” என்பார்.

ஒருநாள் மாம்பூ வாசனை பற்றிய ஒரு பாட்டை நான் ரசித்துப் பாடிக்கொண்டிருந்தேன். தட்டு விழுந்தது. ஒரு எழுத்துக்கூட விடவில்லை என்று எனக்கு நிச்சயம். வெளியே போனேன்.

“பாட்டுல தப்பில்லம்மா, பாட்டே தப்பு. மே மாசத்துல மாம்பூ ஏது? நீ எந்த ஊரு?”

“காவேரிப்பட்டணம் பக்கம்.”

“மாந்தோப்புல பொறந்தவ. நீயே சொல்லு, பூ எப்ப வரும்?”

தை மாதம், மாசி மாதம். எனக்குத் தெரியாதா? மே மாதம் எங்கள் ஊரில் லாரி லாரியாகக் காய் மாங்கூழ் ஃபாக்டரிக்குப் போய்க்கொண்டிருக்கும். பால் வடிந்து கை புண்ணாகிக் கிடப்போம். இத்தனை வருஷம் அந்தப் பாட்டைப் பாடியும் எனக்கு அது தோன்றவே இல்லை. அவர் நோட்டில் ‘காலம் தப்பு, ரிஜெக்ட்’ என்று எழுதிக்கொண்டார்.

குயில் பாட்டெல்லாம் ஒரே வாரத்தில் அடிபட்டுப் போனது. பின்பக்க வேப்பமரத்தில் குயில் கத்தும்போது என்னைக் கூப்பிட்டுக் காட்டினார்.

“கறுப்பா இருக்குது பாரு, அது ஆம்பளக் குயிலு. இந்தக் கூவலெல்லாம் அதோடதுதான். பொட்டக் குயிலு புள்ளி போட்டு இருக்கும், கிக்கிக்குன்னு கத்திட்டுப் பறந்துடும். ஆனா எந்தப் பாட்ட எடுத்தாலும் பொட்டக் குயிலு பாடுதுன்னுதான் இருக்குது.”

“எழுதனவரு மரமேறிப் பாத்தாண்ணா எழுதுவாரு?”

“பாத்துட்டுத்தான் எழுதணும்.”

தென்றல் பாட்டுகளுக்கு ஜன்னல் கம்பியில் ஒரு நூலைக் கட்டிவிட்டார். இரண்டு வாரம் காலையும் மாலையும் நூல் எந்தப் பக்கம் ஆடுகிறது என்று குறித்தார். வரிசை வீட்டுப் பெண்களெல்லாம் தண்ணீர் பிடிக்க வரும்போது, “அண்ணா, தென்றல் வந்துச்சா? டீ குடுத்தனுப்பவா?” என்று கேலி செய்தார்கள். அவர் கோபப்படவில்லை. நூல் பெரும்பாலும் மேற்கிலிருந்து ஆடியதாம். தெற்கிலிருந்து வந்தால்தானே தென்றல்? வந்த காற்றிலும் பெயிண்ட் வாசனை. பதினொரு பாட்டு ஒரே நாளில் ரிஜெக்ட்.

மூன்றாவது வருஷ மே மாதம் எனக்குப் பொறுமை போய்விட்டது. அன்றைக்கு லைனில் மேஸ்திரியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டு வந்திருந்தேன். நிம்மதியாக ஒரு பாட்டுப் பாடலாம் என்றால் பல்லவி முடிவதற்குள் மூன்று தட்டு. நேராகப் போய் அவர் நோட்டைப் பிடுங்கிக் கீழே வைத்தேன்.

“பாட்ட பாட்டாக் கேக்கத் தெரியாதாண்ணா உங்களுக்கு? எதுக்குண்ணா இந்தப் பாவம்?”

அவர் நோட்டை எடுக்கவில்லை. “அவளும் இததான் கேட்டா” என்றார்.

அன்றைக்குத்தான் சொன்னார். அவர் மனைவி ஜவளகிரிக்காரி. தளிக்கு அந்தப் பக்கம், காட்டு ஓரம். ஒரு மே மாதத்தில்தான் கல்யாணம். வந்த மறுநாள் துணி காயப்போட்டுக்கொண்டே வசந்தப் பாட்டு ஒன்றைப் பாடியிருக்கிறாள். அவளுக்கு அந்த மாதிரிப் பாட்டு என்றால் உயிர். இவர் கேட்ட முதல் கேள்வியே மாம்பூ கேள்விதான். அவள் சிரித்துவிட்டு, “ஹோகலி பிடு” என்றிருக்கிறாள்.

“அவங்க ஊருப் பக்கம் கன்னடம் கலந்த பேச்சு. போவட்டும் விடுன்னு அர்த்தம். உப்பு ஜாஸ்தின்னு சொன்னா ஹோகலி பிடும்பா. பஸ்ஸ விட்டுட்டமேன்னு சொன்னா ஹோகலி பிடும்பா. எனக்கு அது வராதும்மா. தப்பு தப்புதானே?”

பதினோரு வருஷம். பிள்ளை இல்லை. அவள் போடுகிற கோலத்தில் புள்ளி தள்ளியிருக்கும், பேச்சில் எழுத்து விழும், பாட்டில் ராகம் இறங்கும். இவர் ஒவ்வொன்றாகச் சொல்லியிருக்கிறார். அடித்ததில்லை, வைததில்லை. சொன்னார், அவ்வளவுதான். அவள் முதலில் பாட்டை நிறுத்தினாள். பிறகு பேச்சையும் குறைத்துக்கொண்டாள். ஒரு மே மாதம், கல்யாண நாளுக்கு மறுநாள், அப்பாவின் நிலத்தைப் பார்க்க ஆளில்லை என்று ஊருக்குக் கிளம்பினாள். பஸ் ஏறும்போது ஒரே ஒரு வார்த்தை சொன்னாளாம்.

“தப்பே இல்லாம ஒரு வசந்தப் பாட்டு உங்க காதுல விழட்டும். அன்னிக்கு சொல்லி அனுப்புங்க, வரேன்.”

அதிலிருந்து இந்த நோட்டு. வருஷா வருஷம், சித்திரை வைகாசி இரண்டு மாதம், தப்பே இல்லாத ஒரு வசந்தப் பாட்டை இந்த மனுஷன் தேடிக்கொண்டிருக்கிறார். அவள் காதைச் சொன்னாள், இவர் பாட்டைத் தேடுகிறார். அந்த இடத்தில் எனக்கு அழுகையும் வந்தது, அவர் தலையில் நறுக்கென்று ஒரு குட்டு வைக்கவும் தோன்றியது. இரண்டையும் செய்யாமல் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அதற்குப் பிறகு நான் அவருக்குப் பாட்டுத் தேடிக் கொடுக்க ஆரம்பித்தேன். கம்பெனி பஸ்ஸில் எந்தப் பழைய பாட்டுக் கேட்டாலும், இது தேறுமா என்றுதான் மனசு போகும். எல்லாம் சிவப்பு. அடுத்த வருஷம் ஒரு பாட்டு மட்டும் அவரிடம் மஞ்சளில் நின்றது. அவரே கண்டெடுத்தது. ஒரு மரம் பூத்திருக்கிறது, கீழே ஒருத்தி நிற்கிறாள், பொழுது சாய்கிறது. அவ்வளவுதான் பாட்டு. குயில் இல்லை, தென்றல் இல்லை, மாம்பூ இல்லை. நோட்டில் முடிவுக் கட்டத்தில் ஹோல்ட் என்று இருந்தது.

“இதுல இன்னாண்ணா தப்பு?”

போனில் போட்டுக் காட்டினார். இரண்டாவது சரணம் முடிகிற இடத்தில், ஒரு வார்த்தைக்கு நடுவில், பாடகி மூச்சு எடுக்கிறாள். ரொம்பச் சின்ன மூச்சு. அவர் சொல்லாவிட்டால் எனக்குக் கேட்டிருக்காது.

“அவளும் அதே எடத்துல மூச்சு எடுப்பாம்மா. கேட்டுக் கேட்டே படிச்ச பாட்டு, மூச்சோட சேத்துப் படிச்சிட்டா. வார்த்தைய ஒடைக்கிறியேன்னு நான்தான் சொல்லிட்டே இருந்தேன்.” மறுபடி அந்த இடத்தைப் போட்டார். மறுபடி. “இப்ப இந்த எடம் வந்தா, அவ பக்கத்துல நிக்கிற மாதிரி இருக்குது. தப்புதான். ஆனா சிவப்பு ஒட்டக் கை வரல.”

“உங்க கம்பெனில இதுக்கு வழியே இல்லியா?”

“டீவியேஷன்னு ஒண்ணு இருக்குது. அளவு தப்பித்தான் இருக்கும், ஆனா கஸ்டமரு பரவால்லன்னு கையெழுத்துப் போட்டா அனுப்பலாம். நாம முடிவு பண்ண முடியாது. கஸ்டமருதான் பண்ணணும்.”

“அப்ப போயி கஸ்டமரப் பாருங்க.”

அவர் என்னைப் பார்த்தார். ஒரு வாரம் யோசித்தார். பிறகு ஒரு சனிக்கிழமை சாயங்காலம் சுவரில் தட்டி, “நாளைக்கிப் போலாம்னு இருக்கறேன். தனியாப் போனா எதையாச்சும் சொல்லிடுவேன். நீயும் வாம்மா” என்றார்.

தளி போய், அங்கிருந்து வேறு பஸ் மாறி ஜவளகிரி. பஸ் ஜன்னலில் ஒரு திருகாணி ஆடிக்கொண்டிருந்தது. அதை அவர் வழியெல்லாம் விரலால் திருகிக்கொண்டே வந்தார். அந்த அக்காவின் வீடு ஊர்க்கோடியில், பின்னால் பலாமரம். பழம் பழுத்து வாசனை கிளம்பினால் யானை வந்துவிடும் என்று காயாகவே இறக்கி, வாசலில் குவித்து வெட்டிக்கொண்டிருந்தாள். கையெல்லாம் எண்ணெய். நாற்பது வயதிருக்கும். எங்களைப் பார்த்ததும் எழுந்திருக்கவில்லை.

“வாங்க” என்றாள் அவரைப் பார்த்து. என்னிடம், “பக்கத்து வீடா? தண்ணி குடிம்மா, பானைல இருக்குது” என்றாள்.

அவர் நின்றபடியே சொன்னார். “ஒரு பாட்டு கெடச்சிது. ஒரே ஒரு தப்பு.”

போனை எடுத்தார். எந்தப் பாட்டு என்று கேட்டாள். சொன்னார். “போட வேணாம். அது எனக்குத் தெரியும்” என்றவள், கத்தியில் ஒட்டிய பாலைத் துடைத்துக்கொண்டே அவளே பாட ஆரம்பித்தாள்.

நான் அப்படி ஒரு குரலைப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டதில்லை. பெரிய குரல் இல்லை. ஆனால் ஒவ்வொரு வார்த்தையும் கழுவி எடுத்த மாதிரி இருந்தது. ஒரு எழுத்து விழவில்லை, ராகம் இறங்கவில்லை. இரண்டாவது சரணம் வந்தது. அந்த இடம் வந்தது. அவள் மூச்சு எடுக்காமல், ஒரே இழையாக, வார்த்தையை உடைக்காமல் பாடி முடித்தாள். பிறகு நிமிர்ந்து அவரைப் பார்த்தாள்.

“எத்தன?”

கடவுளே, இல்லை என்று சொல்லிவிடட்டும், இந்த ஒரு தடவை இல்லை என்று சொல்லிவிடட்டும் என்று நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

“ஒண்ணு” என்றார்.

“எங்க?”

“அந்த எடத்துல நீ மூச்சு எடுப்ப. இப்ப எடுக்கல.”

அவள் கத்தியைக் கீழே வைத்தாள். “நீங்க தப்புன்னீங்களேன்னு அந்த ஒரு எடத்தத்தான் இங்க வந்து இத்தன வருசமாப் பழக்குனேன். மாட்டுக்குத் தண்ணி காட்டும்போது, களை எடுக்கும்போது, அந்த எடம். இப்ப அதுவும் தப்பு.”

அந்த மூச்சுக்காகத்தான் இந்த மனுஷன் தவித்துக் கிடக்கிறார், அக்கா, அவர் குறை சொல்லவில்லை என்று நான் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அவரும் சொல்லவில்லை. அவருக்குத் தெரிந்த பாஷையில் அவர் சொல்லி முடித்துவிட்டார்.

அவள் சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வைத்துக்கொண்டு சிரிக்கிற சிரிப்பு. “அப்ப அந்த மூச்சோட, எப்பிடி வேணுமோ அப்பிடி, நீங்களே பாடி அனுப்புங்க. அன்னிக்கு வரேன்” என்றாள். திரும்பும்போது என் கையில் ஒரு பலாக்காயைக் கொடுத்து, போன் நம்பரையும் சொன்னாள். மூக்கண்டப்பள்ளி வரைக்கும் அந்தக் காயை நான் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தார்.

மறுநாளிலிருந்து சுவருக்கு அந்தப் பக்கம் பாட்டு.

அவருக்குக் குரலே கிடையாது. தகர டப்பாவில் கல்லைப் போட்டு உருட்டுகிற மாதிரி இருக்கும். ஷிஃப்ட் முடிந்து வந்து, முகம் கழுவி, டீ குடித்துவிட்டுப் பல்லவியை ஆரம்பிப்பார். மூன்றாவது வரியில் சறுக்கும். நிறுத்துவார். “ரிஜெக்ட்” என்று அவரே சொல்லுவார். மறுபடி முதலிலிருந்து. ஒருநாள் முதல் சரணம் வரைக்கும் வருவார். ரிஜெக்ட். ஒருநாள் அந்த மூச்சு வரைக்கும் வந்துவிடுவார், நான் இந்தப் பக்கம் கரண்டியைப் பிடித்தபடி அசையாமல் நிற்பேன். அந்த இடத்தில் மூச்சைக் கொஞ்சம் பெரிதாக எடுத்துவிடுவார். ரிஜெக்ட். சீசன் போய் ஆடி வந்தது, ஐப்பசி மழை வந்தது. அவர் நிறுத்தவில்லை. அத்தனை மாதத்தில் ஒரு தடவைகூட அந்தப் பாட்டு முடியவில்லை.

ஒருநாள் பொறுக்க முடியாமல் என் போனைச் சுவரில் ஒட்டவைத்து ரெக்கார்டு செய்தேன். பல்லவி, சறுக்கல், ரிஜெக்ட், மறுபடி பல்லவி, எல்லாம் சேர்த்து ஆறு நிமிஷம். அனுப்பிவிடவா என்று அவரிடம் கேட்டேன்.

பதறிப் போனார். “வேணாம்மா. பச்ச ஸ்டிக்கர் இல்லாம ஒரு போல்ட்டுகூட வெளிய போவக்கூடாது. நான் பாஸ் பண்ணிட்டுச் சொல்றேன், அப்ப அனுப்பு.”

“கஸ்டமரு பரவால்லன்னு சொன்னா?”

“மொதல்ல நான் சரியாப் பாடணும்.”

அதற்கடுத்த வருஷம் என் வீட்டுக்காரர் பாகலூர் ரோட்டில் அடுக்குமாடி வீடு பார்த்தார். கிளம்புகிற அன்றைக்கு அண்ணன் வந்து புது வீட்டு கேஸ் டியூபை மறக்காமல் பார்க்கச் சொன்னார். ஆட்டோ திரும்பும்போது பின்னால் பல்லவி கேட்டது.

நாலு வருஷம் ஆகிறது. ஒரு தடவை அந்த வரிசைக்குப் போனேன். அவர் வீட்டில் ஒடிசாப் பையன்கள் ஐந்து பேர் குடியிருந்தார்கள். அவர் எங்கே போனார் என்று யாருக்கும் தெரியவில்லை. அவர் நம்பரும் மாறிவிட்டது. அன்றிலிருந்து அந்த ஆறு நிமிஷ ரெக்கார்டு என் நெஞ்சில் முள்ளாகக் கிடந்தது. அன்றைக்கே அனுப்பியிருந்தால்? அவர் பேச்சைக் கேட்டு நல்லபிள்ளையாக இருந்துவிட்டேனே. ஊருக்கெல்லாம் வாயாடுகிறவள், வாய் திறக்க வேண்டிய இரண்டு இடத்திலும் ஊமையாகிவிட்டேன். எங்கேயோ ஒரு அறையில் தனியாக, ஒரு தட்டு ஒரு டம்ளரோடு, அந்த மனுஷன் இன்னும் ரிஜெக்ட் சொல்லிக்கொண்டிருக்கிறார் என்று நினைக்கும்போதெல்லாம் சோறு இறங்காது.

இந்த மே மாதம் எங்கள் அபார்ட்மென்ட் வாசலில் மரம் சிவந்த அன்றைக்கு, என்ன ஆனாலும் ஆகட்டும் என்று அந்த அக்காவின் நம்பருக்கு அனுப்பிவிட்டேன். கூடவே இரண்டு வரி எழுதினேன். அக்கா, அன்றைக்கு அவர் குறை சொல்லவில்லை, அந்த மூச்சுக்காகத்தான் வந்தார்.

மறுநாள் மத்தியானம் பதில் வந்தது. குரல் செய்தி.

“நல்லா இருக்கியாம்மா? அவரு இங்கதான் இருக்காரு. மூணு வருசம் ஆவுது. பாடி அனுப்ப முடியல, நேர்ல பாடிக் காட்டறேன்னு ஒரு ஞாயித்துக்கெழம வந்து நின்னாரு. பாதில நின்னு போச்சு, ரிஜெக்ட்டுன்னாரு. ஹோகலி பிடுங்க, மிச்சத்த நாளைக்கிப் பாடுங்கன்னு சொன்னேன். மறுநாளும் முடியல. அதுக்கு மறுநாளும் முடியல. அப்படியே இருந்துட்டாரு. தளி வரைக்கும் கம்பெனி பஸ் வருது, வேலைக்குப் போயிட்டு வராரு. இன்னும் பாஸ் ஆவலம்மா. உனக்குச் சொல்லணும்னுதான் சொல்லிட்டே இருப்பாரு. பாடி முடிச்சிட்டுச் சொல்லலாம்னு இருக்காரு.”

அவள் பேசுவதற்குப் பின்னால் அந்தத் தகர டப்பாக் குரல் கேட்டது. இரண்டாவது சரணம். மூச்சு. ஒரு நொடி கழித்து, ரிஜெக்ட். அவள் சிரித்தாள், செய்தி அதோடு முடிந்தது.

நானும் சிரித்தேன். நாலு வருஷத்துப் பாரம் இறங்கியது. நாலு வருஷமாக எனக்கு ஒரு வார்த்தை சொல்லாமல் இருந்துவிட்டாரே என்று கோபமும் வந்தது. அந்தக் கோபத்தைச் சொல்லக்கூட வீட்டில் ஆளில்லை. என் வீட்டுக்காரர் ஷிஃப்ட்டுக்குப் போய்விட்டார். அவர் சாப்பிட்டுக் கழுவிய தட்டு கவிழ்த்து வைத்திருந்தது.

அடுப்பைப் பற்றவைத்துவிட்டு மாம்பூப் பாட்டை எடுத்துவிட்டேன். பல்லவியில் வேண்டுமென்றே ஒரு எழுத்தை முழுங்கினேன். நிறுத்திவிட்டுக் கேட்டேன். இரண்டாவது வரியில் ராகத்தை இறக்கினேன். மறுபடி கேட்டேன்.

நல்ல கெட்டியான கான்கிரீட் சுவர் இது. அந்தப் பக்கம் யார் குடியிருக்கிறார்கள் என்பதே எனக்குத் தெரியாது. நான் எவ்வளவு தப்பாகப் பாடினாலும் ஒரு தட்டு விழாது.